கொசுறாகப் போன கடுகுத் தலையணை

இல்லாத ஓர் ஊசியை இல்லை என்று ஒருத்தியை எப்படி நம்ப வைப்பது? ஒன்றரை மாதமாக இந்தக் கேள்வியோடுதான் துணி துவைக்கிறேன், மகளுக்குச் சோறு ஊட்டுகிறேன். பதில் வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் எங்கே சறுக்கினேன் என்றாவது தெரியும் என்று நினைக்கிறேன்.

சித்திரையில் நாங்கள் வீடு மாற வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையிலேயே நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. இருந்த வீட்டைவிட ஓர் அறை குறைவு. மகளுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பயன்படுத்தி முடித்த சாமான்களே ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றன: கம்பித் தொட்டில், நடைவண்டி, குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டி, சின்னதாகிப்போன சட்டைகள் இரண்டு பை. கைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். ஒரு வருடமாகக் கை படாத பொருள் பொருளே அல்ல, தூசி உட்காரும் இடம் என்றார் அதில் பேசிய பெண். நான் மற்றவர்கள் சொன்னதை அப்படியே செய்கிறவள். பள்ளியில் அப்படி, கல்லூரியில் அப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். மாசி மாதம் முழுவதும் ஒவ்வொரு பொருளாகத் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, எங்கள் பகுதி அம்மாக்களின் கைபேசிக் குழுவில் போட்டேன்.

இடையில் ஒரு நாள் அத்தை வந்திருந்தார். என் கணவரின் அம்மா. சேரன்மகாதேவியில் இருக்கிறார். வெறுமையாகிக்கொண்டிருந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, "எம்மா, நான் இங்கன கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தேன்னா என்னயும் படம் புடிச்சிப் போட்டுருவ போலயே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து தந்த பித்தளைப் பானையை நான் முந்தின வருடம் பாத்திரக் கடையில் போட்டுவிட்டு குக்கர் வாங்கியதை அவர் மறக்கவில்லை என்று புரிந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

தொட்டிலை வாங்க ஓர் அக்கா வந்தார். களக்காட்டுக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். வாழைத்தார் கமிஷன் கடையில் வேலை. தங்கைக்குப் பேறுகாலம் நெருங்குகிறது என்றும், எங்கள் குழுவில் இருக்கும் ஒரு சொந்தக்காரப் பெண் படத்தைக் காட்டினாள் என்றும் சொன்னார். தொட்டிலின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். சட்டைப் பைகளைக் கொட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் பார்த்தார். பேசி முடித்து, எல்லாம் சரக்கு ஆட்டோவில் ஏறிய பிறகு வாசலிலேயே நின்றார்.

"கொசுறு ஒண்ணும் கிடையாதா?"

"கொசுறா?"

"பின்னே? கத்தரிக்கா வாங்குனாகூட ஒரு கொத்து கருவேப்பில போடுதான். நான் தொட்டிலயே வாங்கிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். கடுகுத் தலையணை கண்ணில் பட்டது. பிறந்த பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சப்பிப்போகாமல் இருக்க, உள்ளே கடுகு நிரப்பித் தைக்கும் சின்னத் தலையணை. அத்தை தன் கையால் தைத்தது. மகள் அதில் படுப்பதை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தன் பொம்மையைத்தான் அதில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். துவைத்த உறை ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். அந்த அக்கா அதைக் கையில் வாங்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார். "இது கொசுறு" என்றார். ஆட்டோ போனதும் அறையைக் கூட்டித் துடைத்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் இருந்தது.

பங்குனி பிறந்ததும் அந்த அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. பெரிய கண் மையும் கன்னத்தில் பொட்டுமாக ஓர் ஆண் குழந்தை. "ஒங்க தொட்டில்லதான் கிடக்கான்" என்று எழுதியிருந்தார். ஒரு பூ அனுப்பினேன். அத்தோடு மறந்துவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் மகளுக்கு முடி இறக்கிக் காது குத்துவதாக இருந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பு, காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அத்தை கூப்பிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் அங்கன வாரேன். ஆசாரிட்ட வெள்ளித் தாயத்து சொல்லி வச்சிருக்கேன். நீ அந்தக் கடுகுத் தலையாணிய எடுத்து வை."

"தலையணை எதுக்கு அத்தை?"

"அதுக்குள்ளதான பிள்ளைக்கு விழுந்த தொப்புள்கொடி இருக்கு! மஞ்சத் துணியில முடிஞ்சி ஒரு மூலையில வச்சித் தச்சிருக்கேன். தாயத்துல அடச்சி, சாமி முன்னால வச்சி, இடுப்புல கெட்டிரணும்."

அடுப்பை அணைத்தேன். "எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?"

"சொல்லிருந்தா கழுவுதேன் தொடைக்கேன்னு தூரப் போட்டிருப்ப. ஒன் கண்ணுல படாம இருக்கணும்னுதான் அதுக்குள்ள வச்சேன்."

நான் வேதியியல் படித்தவள். விழுந்த கொடி என்பது காய்ந்த தோல், வேறொன்றும் இல்லை என்று தெரியும். ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் தெரியும். ஆனால் இனி என் மகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், ஒரு பல் உடைந்தால், அத்தை வாய் திறந்து சொல்லவே வேண்டாம். அவர் என்னைப் பார்ப்பார், நான் குனிந்துகொள்வேன். என்னிடமிருந்து காப்பாற்ற அவர் ஒளித்து வைத்த ஒரே பொருளை, கருவேப்பிலைக்குப் பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

கணவருக்குக் கூப்பிட்டேன். அவர் தூத்துக்குடியில் வேலையில் இருந்தார். "அம்மாட்ட உள்ளதச் சொல்லிரு" என்றார். அவர் சொன்னால் அது மறதி. நான் சொன்னால் அது என் குணம். இதை அவருக்கு விளக்க நேரம் இல்லை.

களக்காட்டு அக்காவுக்கு நாலு தடவை கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் அனுப்பிய படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கினேன். என் தலையணைதான். நான் மாட்டிக் கொடுத்த அதே நீலப் பூ உறை. குழந்தையின் கன்னம் ஒரு மூலையில் அழுந்திக் கிடந்தது. எந்த மூலை என்று அத்தை சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்து இன்னொன்றும் உறைத்தது. அவர்கள் கையில் அது தட்டுப்பட்டால்? முன்பின் தெரியாத ஒருத்தி சும்மா தூக்கிக் கொடுத்த தலையணை, அதன் மூலையில் மஞ்சள் துணி முடிச்சு, முடிச்சுக்குள் சுருங்கிக் கறுத்த ஏதோ ஒன்று. எங்கள் பக்கத்தில் யாருமே அதற்கு ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: செய்வினை. பிறந்த பிள்ளைக்குச் செய்வினை வைத்தவள் என்று என் பெயர் அந்தக் குழுவில் வரும். படம் எடுத்துப் போடத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் குழந்தைச் சாமான் கடையில் புதுக் கடுகுத் தலையணை ஒன்று வாங்கினேன். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? புதிய பேருந்து நிலையத்தில் நாங்குநேரி வழியாகக் களக்காடு போகும் பஸ் நின்றது. உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன். மாமியார் ஞாபகமாகக் கேட்கிறார் என்று சொல்லலாம். அப்படியானால் ஏன் கொடுத்தாய் என்பார்கள். உள்ளதைச் சொல்லலாம். அவர்கள் பிள்ளை மூன்று வாரமாக இன்னொரு பிள்ளையின் கொடிமேல் படுத்திருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? நாங்குநேரி வருவதற்குள் ஏழெட்டுப் பொய் தயாராக இருந்தது. களக்காட்டில் இறங்கும்போது ஒன்றும் மிச்சம் இல்லை.

கமிஷன் கடைக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கேட் என்று தொட்டில் ஏற்றும்போதே சொல்லியிருந்தார். கேட்டைத் திறந்தது அந்த அக்காவேதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"எம்மா, நீங்களா! போன உள்ள வச்சிட்டு கடைக்குப் போயிட்டேன். வாங்க வாங்க. பிள்ளயப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்திய?"

"ஆமாக்கா" என்றேன். ஒத்திகையில் இல்லாத பொய்.

உள்ளே தொட்டிலுக்குப் பக்கத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, பிள்ளை பெற்ற களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. குழந்தை தலையணையில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் குழந்தையைப் பார்க்கவில்லை. தலையணையின் நாலு மூலைகளையும் பார்த்தேன். அதற்குள் என் மகள் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொம்ம தலாணி" என்றாள். சத்தமாக, இரண்டு தடவை.

அக்கா சிரித்துவிட்டார். "ஏட்டி, கண்டுபுடிச்சிட்டியா! இதக் கேட்டு அழுதாளா? அதான் தூக்கிட்டு வந்துட்டியளா?"

நான் பையிலிருந்து புதுத் தலையணையை எடுத்தேன். "ஆமாக்கா. விடாம கேக்கா. புதுசே வாங்கிட்டு வந்திருக்கேன். மாத்திக்கிடலாமா?"

"கொசுறத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று அக்கா மறுபடியும் சிரித்தார். அவர் கொடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் தங்கை சிரிக்கவில்லை. கையைத் தலையணைமேல் வைத்தாள்.

"வேண்டாம்க்கா. கோவிச்சிக்கிடாதிய. பிறந்ததுலருந்து பயந்து பயந்து அழுவான். இதுல படுக்கப் போட்ட பொறவுதான் தூங்குதான். இத மாத்துனா மறுபடி அழுவானோன்னு இருக்கு."

"ஏ, புதுசுலயும் கடுகுதான இருக்கு?" என்றார் அக்கா.

"இருக்கட்டும். இது பழகிட்டு."

இங்கேதான் நான் காத்திருந்திருக்க வேண்டும். அக்கா பேசியே அவளைச் சம்மதிக்க வைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு டம்ளர் காப்பி குடிக்கும் நேரம் பொறுத்திருந்தால் போதும். ஆனால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் அத்தை வந்து நிற்பது தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இல்ல, நான் உள்ளதச் சொல்லிருதேன். ஒங்களுக்குக் குடுக்கதுக்கு முந்தி நான் இதோட ஓரத்தத் திரும்பத் தச்சேன். ஒரு ஊசி காணல. அதுக்குள்ள விழுந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு."

தங்கை பிள்ளையை வாரி எடுத்த வேகத்தில் தொட்டில் ஆடியது. குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தலையை, கழுத்தை, காதுக்குப் பின்னால் எல்லாம் அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். என் பொய் வேலை செய்கிறது என்று ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது எனக்கு. அதை எழுதாமல் விட்டால் இந்த எழுத்துக்கு அர்த்தம் இல்லை.

"பிளேடு எடு. இப்பவே பிரிச்சிப் பாத்துருவோம்" என்றார் அக்கா.

சொளவைத் தரையில் போட்டார்கள். எங்கள் பக்கம் முறத்தைச் சொளவு என்றுதான் சொல்வோம். நானே தையலைப் பிரித்தேன். கடுகு சரசரவென்று கொட்டியது. மூன்று மூலைகளில் ஒன்றும் இல்லை. நாலாவது மூலையில், இரட்டைத் தையலுக்குள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளங்கையில் மூடினேன். மூடுவதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னது அது?"

"வசம்பு" என்றேன். கருக்கிய வசம்பும் அப்படித்தான் கறுத்துச் சுருங்கி இருக்கும். பூச்சி வராமல் இருக்க வைப்பதும் வழக்கம்தான். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

தங்கை அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அப்ப அதனாலதான் பயப்படாம தூங்கிருக்கான். அதையும் உள்ள வச்சே தச்சிருங்கக்கா" என்றாள்.

கையைத் திறக்கச் சொன்னால் திறந்திருப்பேன். எல்லாம் அந்த இடத்தில் முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. "இது மக்கிப்போச்சும்மா. புதுசு இருந்தா குடுங்க, அத வச்சித் தச்சிருதேன்" என்றேன். பிள்ளை பெற்ற வீட்டில் வசம்பு இல்லாமலா? அக்கா ஒரு துண்டு எடுத்து வந்தார். முடிச்சு என் பைக்குள் போனது.

பிறகு கடுகை இரண்டு தடவை புடைத்தோம், விரலால் அளைந்தோம். ஊசி இல்லை. இருந்தால்தானே கிடைக்கும்? "நல்ல வேள, இல்ல. எனக்கு வீண் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். தங்கை என் கை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்து நூலை அறுத்ததும் கேட்டாள்:

"அப்ப அந்த ஊசி எங்க போச்சு?"

தலையணையில் இல்லை என்றால் என் வீட்டிலிருந்து வந்த சட்டைகளில் இருக்கலாம், தொட்டில் துணியில் இருக்கலாம் என்பது அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்தேன். நாங்கள் கிளம்பும்போது அவள் சட்டைப் பையைக் கட்டிலில் கொட்டி உதறிக்கொண்டிருந்தாள். புதுத் தலையணையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அக்கா எங்களுக்குக் காப்பி தரவில்லை. மறந்திருப்பார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு அத்தை வந்தார். தலையணை கிழிந்துவிட்டது, முடிச்சை மட்டும் எடுத்து வைத்தேன் என்றேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். "கடுகு வாசம் இன்னும் இருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். அவர் அப்படிப் பிடிக்கிறவர் இல்லை.

"பத்திரமாத்தான் வச்சிருக்க. நாந்தான் ஒன்னயத் தப்பா நெனச்சி ஒளிச்சி வச்சிட்டேன்."

கோயிலில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மகளைக் குளிப்பாட்டும்போது தாயத்து செம்பில் பட்டுக் கணீரென்று ஒலிக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது.

உத்திரத்துக்கு மறுநாள் களக்காட்டிலிருந்து முதல் அழைப்பு வந்தது. பேசியது தங்கை. "அக்கா, நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. தைக்கும்போது பக்கத்துல சட்டையெல்லாம் கிடந்துச்சா?" இல்லை என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும். குழந்தையை அந்தத் தலையணையில் படுக்கப் போடுவதில்லையாம். புதியதிலும் இல்லையாம். மடியிலேயே வைத்துக்கொள்கிறாள். இறக்கினால் அழுகிறான். அழுதால் ஊசி குத்திவிட்டதோ என்று சட்டையைக் கழற்றிப் பார்க்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது போதவில்லை.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊசி கிடைத்துவிட்டது, என் தையல் டப்பாவிலேயே இருந்தது என்று சொன்னேன்.

"படம் அனுப்புங்கக்கா."

டப்பாவிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, தொட்டிலைப் படம் எடுத்த அதே இடத்தில் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. வெகுநேரம் கழித்து எழுதினாள்: "காணாம போனது இதுதான்னு எப்படிக்கா தெரியும்?"

வைகாசி பிறந்துவிட்டது. நாங்கள் மாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். போன வாரம் அக்கா கூப்பிட்டார். எப்போதும் கேலி பேசுகிறவர், அன்றைக்குக் கேலி இல்லை. "யாரயும் குத்தம் சொல்லலம்மா. அவ ஒரு காந்தம் வாங்கி வச்சிக்கிட்டு தெனமும் தொட்டில், துணியெல்லாம் தடவுதா. சோறு திங்க மாட்டேங்கா. பிள்ளைக்குப் பாலு எங்கருந்து வரும்? நீங்க படிச்சவிய, ஒரு தடவ நேருல வந்து சொன்னா கேப்பான்னு தோணுது."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை.

போனால் என்ன சொல்வது? ஊசி என்று ஒன்று இருந்ததே இல்லை என்றால், பிறகு எதைத் தேடி வந்தாய் என்று கேட்பாள். கொடியைச் சொன்னால் ஊசிப் பயம் போகும். ஆனால் அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்காராது என்று யார் சொல்ல முடியும்? சொல்லாமல் விட்டால் அந்தக் காந்தத்தை அவள் கீழே வைக்கப் போவதில்லை. எந்தச் சத்தத்துக்கும் எழுந்து மகளின் மூச்சைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். அந்தப் பயத்தைத்தான் ஒரு தலையணையைத் திரும்ப வாங்குவதற்காக இன்னொருத்தி மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எதைச் செய்வினை என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேனோ, அதைத்தான் செய்திருக்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், மாமியார்கள் இருப்பீர்கள். அவள் இடத்தில் இருந்தால் உங்களுக்கு எது தெரிய வேண்டும்? நான் அவள் முன்னால் உட்கார்ந்து எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும்? அக்காவிடம் முதலில் சொல்வதா, அவளிடமே நேராகச் சொல்வதா? தெரிந்தால் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. இந்த வாரக் கடைசியில் களக்காடு பஸ் ஏறியாக வேண்டும், இந்தத் தடவை ஒத்திகை பார்க்க என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.